இரைச்சல் அடங்கும் பக்கம்

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆனால் ஏரிக்கரை நகரமான கிசுமுவில் நியாலெண்டாப் பக்கத்து ஆட்களுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. தேவாலயம் முடிந்து, களியும் கீரையும் சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டு ஒடெராவின் மதுக்கடைக்குக் கிளம்பிவிடுவார்கள். அங்கே கேஃபாவின் விடிவெள்ளி ஜாஸ் குழு வாசிக்கும். பொழுது சாயும்வரை ஆட்டம். கணவன் மனைவியாக வருவார்கள், தனியாக வந்து ஜோடியாகத் திரும்புகிறவர்களும் உண்டு.

அந்தக் குழுவில் முன்கிட்டார் வாசித்தவன் சில்ஃபானோ ஒங்கோரோ. வாரநாட்களில் பஞ்சாலையில் இயந்திரங்களுக்கு எண்ணெய் போடும் வேலை. நெட்டையான ஆள். பேச்சு ரொம்பக் குறைவு. ஆலையில் யாராவது ஒன்று கேட்டால் பதில் வருவதற்குள் கேட்டவர் கேள்வியை மறந்துவிடுவார் என்று கேலி செய்வார்கள். ஆனால் கையில் கிட்டார் வந்துவிட்டால் அவனைப்போல வாயாடி கிடையாது. எங்கள் பாட்டில் முன்கிட்டாரின் வேலை அப்படி. பாடுகிறவன் ஒரு வரி சொன்னால், கிட்டார் அதே வரியைத் தன் நாக்கால் திருப்பிச் சொல்லவேண்டும். பாட்டு முடியும் தறுவாயில் பாடகன் வாயை மூடிக்கொள்வான், கிட்டார் மட்டும் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே போகும். அப்போதுதான் ஆட்டம் உச்சத்துக்குப் போகும். ஒரு சுரம் தெளிவில்லாமல் போனாலும் ஆடுகிறவர்களின் தோள் நின்றுவிடும்.

சில்ஃபானோவின் கிட்டார் ஜப்பானில் செய்தது. சிவப்பு நிறம், எடை இல்லாத கட்டை. குழுவின் கருவிகள் எல்லாம் கேஃபாவுக்குச் சொந்தம், இதுவும் அப்படித்தான். கம்பிகளுக்கு அடியில் இருக்கிற பிக்கப்தான் மின்கிட்டாருக்குத் தொண்டை. ஒரு காந்தம், அதைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிசான செம்புக் கம்பிச் சுருள். கம்பி அதிர்ந்தால் சுருளில் மின்சாரம் துடிக்கும், ஒலிபெருக்கிப் பெட்டியில் அது சத்தமாக வரும். அந்தச் சிவப்புக் கிட்டாரில் இருந்தது ஒற்றைச் சுருள். அதனால் சத்தம் மெல்லிசாக, பளிச்சென்று வரும். எத்தனை வேகமாக மீட்டினாலும் சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாது. நன்றாகக் காயவைத்துப் பொரித்த ஓமெனா மாதிரி. விரல்நீளப் பொடிமீன்தான், ஆனாலும் தட்டில் ஒவ்வொன்றுக்கும் தலையும் வாலும் தனித்தனியாகத் தெரியுமல்லவா, அப்படி.

அதற்கு ஒரே ஒரு குறை. ஒற்றைச் சுருளுக்குக் கம்பியின் அதிர்வும் தெரியும், சுவருக்குள் ஓடுகிற மின்சாரமும் தெரியும். எது நல்லது எது கெட்டது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் உள்ளே விட்டுவிடும். ஒடெரா தன் கூடத்தில் வரிசையாக டியூப்லைட் மாட்டியதிலிருந்து பாட்டுக்கு அடியில் தேன்கூடு கலைந்த மாதிரி ஓர் இரைச்சல். கூடம் இருட்டு. பகலிலும் விளக்கை அணைக்க ஒடெரா சம்மதிக்கமாட்டார். இருட்டில் யார் பீர் குடித்தார்கள், யார் குடிக்கவில்லை என்று தெரியவேண்டாமா என்பார்.

ஒருநாள் ஒத்திகையில் சில்ஃபானோ நாற்காலியை இழுக்கத் திரும்பியபோது இரைச்சல் சட்டென்று தணிந்தது. மறுபடி முன்னால் திரும்பினான், வந்தது. பின்னால் திரும்பினான், அப்போதும் வந்தது. ஒரு குறிப்பிட்ட கோணத்தில், இடதுபக்கத்து ஜன்னலை நேருக்குநேர் பார்த்து நின்றால் மட்டும் தேனீக்கள் எங்கோ பறந்துபோய்விட்டன. அன்றிலிருந்து அவன் அந்தப் பக்கமே பார்த்து நின்று வாசித்தான். ஆடுகிற கூட்டத்துக்கு அவனுடைய வலது காது மட்டும்தான் தெரிந்தது. தலைக்கனம் பிடித்தவன் என்று சிலர் நினைத்தார்கள். எங்கள் ஆட்களுக்குத் தலைக்கனம் பிடித்தவனைக் கொஞ்சம் பிடிக்கவும் செய்யும், அதனால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

தவறாக எடுத்துக்கொண்டது ஜன்னலுக்கு வெளியே இருந்தவள்.

சாலையின் அந்தப் பக்கம் டோர்சிலா மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். ஏரியின் வடகரையில் செமே அவளுடைய ஊர். நகரத்தில் இருந்த அண்ணன் வீட்டில் தங்கி, அண்ணியோடு சேர்ந்து இரும்புச் சட்டியும் கரி அடுப்புமாகக் கடை போட்டிருந்தாள். முழுசு முழுசாகத் திலாப்பியா, இரண்டு பக்கமும் கீறி, உப்புத் தடவி, வாலெல்லாம் மொறுமொறுக்கப் பொரிப்பாள். கடைக்கு வருகிறவர்கள் மீனுக்காக வந்தார்களா, அவள் பேச்சுக்காக வந்தார்களா என்று சொல்வது கடினம். மீன் சின்னதாக இருக்கிறது என்று சொன்ன ஒருவனிடம், உன் மனைவி உன்னைக் கட்டிக்கொண்டபோது அளவெல்லாம் பார்த்தாளா என்று கேட்டவள் அவள்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஜன்னலில் ஒரு நெட்டையன் நின்று கண்ணைக்கூட எடுக்காமல் தன்னையே பார்ப்பதை அவள் கவனித்தாள். முதலில் சிரித்தாள். பிறகு அண்ணியிடம் சொன்னாள். அண்ணி அக்கம்பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் சொன்னாள். கடைசியில் ஒருநாள், குழு இளைப்பாற உட்கார்ந்த நேரத்தில், எண்ணெய்க்கையோடு சாலையைக் கடந்து உள்ளே வந்து அவன் எதிரில் நின்றாள்.

"வாராவாரம் என்னையே முறைச்சுப் பாக்குறியே, என்ன விஷயம்? சொல்றதுன்னா வாயைத் திறந்து சொல்லு. இல்ல மீன் வேணும்னா வந்து வாங்கு."

சில்ஃபானோ நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தான். பக்கத்தில் இருந்த சாடோக், குழுவில் தாளக்கிட்டார் வாசிக்கிறவன், அவனுக்குச் சித்தப்பா மகன், சிரிப்பை அடக்கப் பீர் பாட்டிலை வாயில் வைத்துக்கொண்டான்.

"உன்னைப் பாக்கலைம்மா," என்றான் சில்ஃபானோ ஒருவழியாக. "இரைச்சல் அடங்குற பக்கம் பாக்குறேன்."

அவளுக்குப் புரியவில்லை. வாயால் விளக்குவதைவிடச் செய்து காட்டுவது அவனுக்குச் சுலபம். எழுந்து கிட்டாரை மாட்டிக்கொண்டு கூடத்தைப் பார்த்து நின்றான். பெட்டி உறுமியது. மெல்ல ஜன்னல் பக்கம் திரும்பினான். உறுமல் இறங்கி இறங்கி நின்றுபோனது. இரண்டுமுறை அப்படிச் செய்து காட்டினான். டோர்சிலா அவனையும் பெட்டியையும் ஜன்னலையும் மாறிமாறிப் பார்த்தாள். ஜன்னலின் நட்டநடுவில் அவளுடைய அடுப்பு புகைந்துகொண்டிருந்தது.

"அப்ப அந்த இடத்துல ஒரு கழுதை நின்னாலும் இப்படித்தான் பாப்பே."

"ஆமா," என்றான் சில்ஃபானோ. பொய் சொல்லத் தெரியாதவன்.

அவள் விறுவிறுவென்று அடுப்புக்குத் திரும்பிப் போய்விட்டாள். சாடோக் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணே, உன்னை மாதிரி ஒரு ஆளை நான் பாத்ததே இல்ல," என்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சில்ஃபானோ தன் கோணத்தில் நின்றபோது ஜன்னலில் அடுப்பு இல்லை. மாமரத்தின் அடிப்பக்கமும், பழைய சுவரொட்டி கிழிந்து தொங்கிய மதிலும் இருந்தன. டோர்சிலா கடையைச் சாலையோடு தள்ளி, கூடத்தின் வாசலுக்கு எதிரே போட்டிருந்தாள். அவன் மாமரத்தைப் பார்த்து வாசித்தான். இரைச்சல் இல்லை. சுரம் எல்லாம் சரியாகத்தான் விழுந்தது. ஆனால் ஏதோ ஆலையில் எண்ணெய் போடுகிற மாதிரி விரல்கள் தம்பாட்டுக்கு வேலை பார்த்தன. கழுதை நின்றாலும் பார்ப்பேன் என்று சொன்னது பொய் என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. எத்தனை வாரமாக அந்த அடுப்பையும், மீனைத் திருப்பிப் போடும்போது புகைக்கு ஒதுங்கிச் சாய்கிற அந்தத் தலையையும் பார்த்து வாசித்திருக்கிறான் என்று எண்ணிப் பார்த்தான். மூன்றாவது பாட்டில் கால் தானாக நகர்ந்தது. உடம்பு வாசல் பக்கம் திரும்பியது. தேனீக்கள் அத்தனையும் திரும்பி வந்தன.

கேஃபா பாடிக்கொண்டே தலையைத் திருப்பி ஒரு பார்வை பார்த்தார். சில்ஃபானோ ஜன்னல் பக்கம் திரும்பினான். அடுத்த பாட்டில் மறுபடியும் வாசல். இப்படியே சில வாரம் போனது. ஆடுகிறவர்கள் காதைத் தேய்த்துக்கொண்டார்கள். சில்ஃபானோவிடம் கேட்டால் பதில் வராது என்று தெரிந்து கேஃபா சாடோக்கிடம் கேட்டார். சாடோக் கிட்டாருக்கு வயதாகிவிட்டது என்று மட்டும் சொன்னான். விசுவாசமான தம்பி.

கேஃபா தாராள மனசுக்காரர். குழுவின் பெயர் கெடக்கூடாது என்பது அவருக்கு எல்லாவற்றையும்விடப் பெரிது. நைரோபிக்குப் போய்வந்தபோது அங்கே கலைந்துபோன ஒரு குழுவிடமிருந்து வேறொரு கிட்டாரை வாங்கிவந்தார். கருப்புக் கட்டை, தோளில் மாட்டினால் ஒரு மூட்டை மக்காச்சோளம் மாதிரி இழுக்கும். அதில் இரட்டைச் சுருள் பிக்கப். ஒன்றை ஒட்டி ஒன்றாக இரண்டு சுருள், ஒன்று சுற்றிய திசைக்கு எதிர்த்திசையில் மற்றது, காந்தமும் தலைகீழ். வெளியிலிருந்து வருகிற இரைச்சல் இரண்டிலும் நேரெதிராக நுழைந்து ஒன்றையொன்று அடித்துக்கொண்டு செத்துப்போகும். கம்பியின் சத்தம் மட்டும் ஒன்றோடொன்று கூடி வெளியே வரும். கிழக்கே திரும்பினாலும் மேற்கே திரும்பினாலும் பெட்டி மூச்சுவிடாது.

சில்ஃபானோவுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. அவன் கூடத்தின் நடுவில் வாசலைப் பார்த்து நின்றான். வாசலுக்கு எதிரே அடுப்பு. டோர்சிலா நிமிர்ந்தபோதெல்லாம் அவன் கண் அங்கேதான் இருந்தது. இப்போது எந்த இரைச்சலையும் சாக்காகச் சொல்ல முடியாது. அவளும் பார்த்தாள். ஒருதரம் மீன் கருகிப்போய் அண்ணி சத்தம்போட்டாள் என்று சாடோக் வந்து சொன்னான்.

ஆனால் பாட்டு கெட்டது. அதை ஒப்புக்கொள்ள அவனுக்குக் கொஞ்ச நாள் ஆனது. கருப்புக் கிட்டாரின் குரல் பெரிசு, கனமானது, அடிவயிற்றிலிருந்து வருவது. ஒவ்வொரு சுரமாக இழுத்து நிறுத்தினால் பாகு மாதிரி நீளும், கேட்கவே சுகம். வேகமாக மீட்டினால்தான் சிக்கல். ஒரு சுரத்தின் வால் அடுத்த சுரத்தின் தலைமேல் விழும். பெட்டியில் கீச்சுக்குரலைக் கூட்டிப் பார்த்தான். சீறல் கூடியதே தவிர, சிவப்புக் கிட்டாரில் கம்பியை நகம் தொடும்போதே ஒரு சொடுக்கு கேட்குமே, அது வரவில்லை. கேஃபாவின் குரலும் சாடோக்கின் தாளமும் இருந்த அதே உயரத்தில் இதுவும் உட்கார்ந்துகொண்டது. மூன்றுபேர் ஒரே பாயில் படுத்த மாதிரி.

எங்கள் ஊர் ஆட்டத்தில் ஒரு வழக்கம். கையில் காசும் மனசில் பெருமையும் உள்ளவர் பாட்டை நிறுத்தச் சொல்லி நடுவில் வந்து தன்னைத்தானே புகழ்ந்துகொள்வார். நான் இன்னாரின் மகன், என் நிலத்தில் காகம் பறந்து முடிக்க முடியாது, என்கிற மாதிரி. முடித்ததும் முன்கிட்டார் அந்தப் பெருமையை வாங்கிக் கூரைக்கு ஏற்றவேண்டும். அன்று எழுந்தவர் அஹேரோவில் டிராக்டர் வைத்திருந்தவர். தன் டிராக்டரையும், அதன் சக்கரத்தையும், சக்கரத்தைப் பார்த்துப் பயந்த மைத்துனர்களையும் சொல்லிப் புகழ்ந்து முடித்துக் கையை விரித்தார். சில்ஃபானோ வாசித்தான். அவர் கையை விரித்தபடியே கொஞ்சநேரம் நின்றார். பிறகு இறக்கிக்கொண்டு கேஃபாவின் காதருகே வந்தார்.

"என்னய்யா கிட்டார் இது, வாய் நிறைய களியை வச்சுக்கிட்டுப் பேசுது. என் பேரைச் சொல்லுதா, எவன் பேரைச் சொல்லுதுன்னே தெரியல."

ஒலிவாங்கி பக்கத்திலேயே இருந்ததால் கூடமே கேட்டுச் சிரித்தது. சில்ஃபானோவும் சிரித்தான், வேறென்ன செய்ய. ஆனால் இளைப்பாறும் நேரத்தில் மற்றவர்களோடு உட்காரப் பிடிக்காமல் வெளியே வந்தான். வந்தவன் சாலையைக் கடந்து முதல்முறையாக அவள் கடைக்குப் போய் நின்றான்.

டோர்சிலா ஒரு மீனை எடுத்துத் தாளில் வைத்து, உப்பும் பச்சைமிளகாயும் தக்காளியும் பக்கத்தில் வைத்து நீட்டினாள். அவன் நின்றுகொண்டே தின்றான். எண்ணெய் சட்டியில் சலசலத்தது. வண்டிக்காரப் பையன்கள் கொண்டேலே, கொண்டேலே என்று போகிற இடத்தைச் சொல்லி ஆள் கூவிக்கொண்டிருந்தார்கள்.

"உன் கிட்டாருக்கு என்ன வந்துச்சு?" என்று அவள்தான் ஆரம்பித்தாள். "முன்னெல்லாம் இந்தச் சட்டிச் சத்தத்துக்கு மேல எனக்கு ஒண்ணொண்ணா கேக்கும். நீ எப்ப சிரிக்கிற, எப்ப சண்டைக்குப் போறன்னுகூடத் தெரியும். இப்ப தூரத்துல லாரி போற மாதிரி இருக்கு."

"கிட்டாரை மாத்தியாச்சு. இதுல இரைச்சல் கிடையாது."

"பழசையே எடேன்."

"எடுக்கலாம்." அவன் மீன்முள்ளைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அதை எடுத்தா இந்தப் பக்கம் பாக்க முடியாது. ஜன்னல் பக்கம்தான் பாக்கணும்."

"பாரேன். யார் வேண்டாம்னா?"

"ஜன்னல்ல இப்ப மாமரம்தான் இருக்கு."

அவன் வாழ்நாளில் அதுவரை பேசியதிலேயே நீளமான காதல் பேச்சு அதுதான். டோர்சிலா அகப்பையை எடுத்தாள். அடுத்த மீனைத் திருப்பிப் போட்டாள். அண்ணி அந்தப் பக்கம் திரும்பி, ஏற்கனவே துடைத்த தட்டை மறுபடியும் துடைத்தாள்.

அந்த வாரம் முழுக்க ஆலையில் சில்ஃபானோ எந்த இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டான், எதற்குப் போடவில்லை என்று அவனுக்கே நினைவில்லை. ஞாயிறன்று கேஃபாவிடம் போய், பழைய கிட்டாரைக் கேட்டான். கேஃபாவுக்குக் கோபம் வந்தது. நைரோபியிலிருந்து மடியில் வைத்துக்கொண்டு வந்த பொருளை மூலையில் சாத்தவா என்று கேட்டார். அப்போது சாடோக், கருப்பை என்னிடம் கொடுங்கள், தாளத்துக்கு வாசித்துப் பார்க்கிறேன் என்றான்.

வாசித்தார்கள். முதல் பாட்டின் பாதியிலேயே கேஃபாவின் முகம் மாறியது. கருப்புக் கிட்டாரின் கனத்த குரல் தரையைப் போட்டுக்கொடுத்தது, சாடோக் அதில் அவசரப்படாமல் நடந்தான். அதற்கு மேலே சிவப்புக் கிட்டார் ஓடியது, தாவியது, பாடிய வரியைப் பிடுங்கிக்கொண்டு போனது. ஒன்று மற்றதன் இடத்துக்கு வரவில்லை. நடுவில் தன் குரலுக்கு என்று தாராளமாக இடம் கிடைத்ததைக் கண்டு கேஃபா அன்று வழக்கத்தைவிட அதிகமாகவே பாடினார். இதைத்தான் நினைத்து வாங்கினேன் என்று பின்னால் எல்லாரிடமும் சொன்னார். யாரும் மறுக்கவில்லை.

சில்ஃபானோ இதையெல்லாம் பாதிதான் கவனித்தான். அவன் ஜன்னலைப் பார்த்து நின்றிருந்தான். மாமரத்துக்கு முன்னால், பழைய இடத்தில், அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. டோர்சிலா நல்ல துணியில் தலைக்கட்டு கட்டியிருந்தாள். தலையை நிமிர்த்தி, அகப்பையைத் தூக்கி, வாசி என்பதுபோல ஒரு சைகை செய்தாள். அன்று அவன் வாசித்ததைப் பற்றி நியாலெண்டாவில் வெகுநாள் பேசிக்கொண்டார்கள். டிராக்டர்காரர் இரண்டுதரம் எழுந்து தன்னைப் புகழ்ந்துகொண்டார்.

அதற்குப் பிறகு நடந்தது ஊரில் நடக்கிற மாதிரிதான். சாடோக் சில்ஃபானோவையும் கூட்டிக்கொண்டு செமேக்குத் தூது போனான். பாட்டுக்காரன் என்றால் ஊர் ஊராகச் சுற்றுகிறவன், வீட்டில் தங்கமாட்டான் என்று பெண்ணின் சித்தப்பாமார் முரண்டுபிடித்தார்கள். ஆலை வேலையைச் சொல்லி, ஞாயிறு மட்டும்தான் வாசிப்பான் என்று சொல்லி, சாடோக் வாய் ஓயாமல் பேசிச் சம்மதிக்கவைத்தான். இந்த நெட்டையன் வாயைத் திறக்கவே மாட்டேன் என்கிறானே, ஊமையா என்று ஒரு சித்தப்பா கேட்டதற்கு, வீட்டுக்கு ஒருத்தர் பேசினால் போதும், அந்தப் பங்கை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று உள்ளேயிருந்து டோர்சிலாவே பதில் சொன்னாள். பெண்ணுக்குப் பரிசமாகச் செமேக்கு மாடுகள் போயின. மழைக்காலம் முடிந்ததும் அவள் அவன் வீட்டுக்கு வந்தாள். மீன்கடையை விடவில்லை. சட்டி மட்டும் பெரிசானது.

மறுவருடம் மகள் அப்போண்டி பிறந்தாள். அந்த வருடமே விடிவெள்ளி ஜாஸ் முதல் இசைத்தட்டு பதிக்க நைரோபிக்குப் போனது. ரிவர் ரோட்டில் மாடிமேல் ஒரு சின்ன அறை. சிவப்புக் கிட்டாரைச் செருகியதும் பதிவு செய்கிறவர் காதில் மாட்டியிருந்த ஹெட்ஃபோனைக் கழற்றினார். இந்த இரைச்சலோடு பதிக்க முடியாது, அந்தக் கருப்பையே முன்கிட்டாருக்கும் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். இரண்டையும் வாசித்துக் காட்டச் சொன்னார். கேட்டுவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு, சிவப்புத்தான் வேண்டும் என்று அவரே சொன்னார். பிறகு அவரும் சாடோக்குமாக ஸ்டூல் போட்டு ஏறி, அறையின் டியூப்லைட்டுகளைக் கழற்றிச் சுவரோரம் சாத்தினார்கள். ஜன்னலைத் திறந்துவைத்து, வந்த வெளிச்சத்தில் வாசித்துப் பதித்தார்கள்.

பாட்டு டோர்சிலாவைப் பற்றியது. செமே பொண்ணு, ஏரியில் மீன் அவள் பேரைக் கேட்டு வலைக்கு வரும் என்று கேஃபா கட்டியது. எங்கள் பாட்டில் ஆளைப் பேர்சொல்லிப் புகழ்வது சாதாரணம். அவளுடைய அண்ணன் பேர் வந்தது, அண்ணி பேர் வந்தது, செமேயின் குன்றுகூட வந்தது. வண்டிகளில் எல்லாம் அந்தப் பாட்டு ஓடியது. நிறுத்தத்தில் பையன்கள் டோர்சிலாவைப் பார்த்தால் கிட்டார் மாதிரி வாயால் சத்தம் போடுவார்கள். அவள் கோபப்படுகிறவள்போல முகத்தை வைத்துக்கொண்டு அவர்களுக்கு உடைந்த மீன் துண்டுகளைக் கொடுப்பாள்.

எல்லாரும் மகிழ்ந்த நேரத்தில் செமேயிலிருந்து ஒரு மனக்குறை வந்து சேர்ந்தது. டோர்சிலாவின் அம்மா பெர்பெத்துவா, பக்கத்து வீட்டு இசைத்தட்டுப் பெட்டியில் பாட்டைக் கடைசிவரை கேட்டிருக்கிறார். குன்றின் பேர் வந்ததைக் கேட்டிருக்கிறார். தன் பேர் எப்போது வரும் என்று தட்டு நின்றபிறகும் உட்கார்ந்திருக்கிறார்.

மருமகன் மாமியாரிடம் நேரில் பேசுவது எங்களிடம் மரியாதை இல்லை. ஒரே அறையில் உட்கார்ந்து சாப்பிடக்கூட மாட்டான். அதனால் டோர்சிலா ஊருக்குப் போய்வந்து செய்தியைச் சொன்னாள்.

"அம்மா கேக்குறாங்க, அந்தக் குன்றா உனக்குப் பொண்ணு குடுத்துச்சுன்னு."

சில்ஃபானோ அப்போதே எழுந்து கிளம்பினான். அடுத்த தட்டு மாமியாருக்குத்தான் என்று கேஃபாவிடம் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தான். வார்த்தை கேஃபாவின் பாடு. எந்தச் சத்தத்தில் அதைச் சொல்வது என்பதுதான் அவனுடைய கவலை. சிவப்புக் கிட்டாரில் வாசித்துப் பார்த்தான். குறும்பாக, கண்ணடிக்கிற மாதிரி வந்தது. மாமியாரைப் பார்த்துக் கண்ணடிப்பதா? சாடோக்கிடமிருந்து கருப்பை வாங்கி வாசித்தான். மரியாதை இருந்தது, ஆனால் சாவு வீட்டில் பேசுகிற மாதிரி இருந்தது. பெர்பெத்துவாவோ சந்தையில் நின்று குரல் கொடுத்தால் படகு திரும்பிவரும் என்று பேர்வாங்கியவர்.

முவான்சாவிலிருந்து வந்த ஒரு குழு ஒடெராவின் கூடத்தில் வாசிக்க வந்தபோது அவர்களிடம் தேன்நிறக் கிட்டார் ஒன்றைப் பார்த்தான். அதிலும் ஒற்றைச் சுருள்தான். ஆனால் ஒல்லியாக உயரமாகச் சுற்றாமல், தட்டையாக, அகலமாக, சுற்றும் அதிகமாகச் சுற்றியது. கேட்டு வாங்கி மடியில் வைத்து மீட்டினான். தெளிவு இருந்தது, ஒவ்வொரு சுரமும் தனியாக நின்றது. ஆனால் வெறும் எலும்பாக இல்லை, சதைப்பற்று இருந்தது. மெல்லத் தொட்டால் இதமாகப் பேசியது. அழுத்தி அடித்தால் தொண்டையில் ஒரு கரகரப்போடு அதட்டியது. இரைச்சலும் இருந்தது, அது ஒற்றைச் சுருளோடு பிறந்தது, போகாது. டோர்சிலா அன்று அப்போண்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். அவன் அந்தப் பாட்டின் முதல் வரியை வாசித்ததும் நிமிர்ந்தாள்.

"அப்போண்டி அப்பா, இன்னொருதரம் வாசி," என்றாள். வாசித்தான். "அம்மா சமையல்கட்டுலேர்ந்து கூப்பிடுற மாதிரியே இருக்கு. பயமா இருக்கு, ஆனா போனா சோறு கிடைக்கும்."

முவான்சாக்காரர்களிடம் கேட்டு இரவல் வாங்கி, அதிலேயே பதித்தார்கள். தட்டு வெளிவந்ததும் டோர்சிலா ஒன்றைத் துணியில் சுற்றிச் செமேக்கு எடுத்துப்போனாள். திரும்பி வரும்வரை சில்ஃபானோவுக்குக் களி இறங்கவில்லை.

அவள் மறுநாள் மாலை வந்தாள். தலையில் ஒரு கூடை, கூடையில் மரவள்ளிக்கிழங்கும் வேர்க்கடலையும், கால்கட்டிய ஒரு சேவலும். குழந்தையை இறக்கிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, அவன் முகத்தைப் பார்த்து வேண்டுமென்றே தாமதித்தாள்.

"என்ன சொன்னாங்க?" என்று அவன் கேட்டான்.

"பாட்டு நல்லா இருக்காம். பேரைச் சொன்னது சரியா கேட்டுச்சாம். அக்கம்பக்கம் எல்லாத்தையும் கூப்பிட்டு மறுபடி போட்டுக் காமிச்சாங்க. கேஃபா அண்ணன் குரல்தான் கொஞ்சம் கம்மியாம், கிட்டார் அளவுக்கு அவருக்கு மரியாதை தெரியலையாம்."

"சேவல்?"

"கிட்டாருக்கு."

சில்ஃபானோ சிரித்தான், சத்தமாக. டோர்சிலா அதை அபூர்வமாகத்தான் கேட்டிருக்கிறாள். சேவலை அறுக்கவேண்டாம், அடைக்குப் பெட்டை வாங்கி விடலாம் என்று அவள் சொன்னாள். அவன் சரி என்றான். அப்போண்டி வேர்க்கடலைக் கூடைக்குள் இரண்டு கையையும் விட்டு அளைந்துகொண்டிருந்தாள். அவன் குனிந்து சேவலின் கால்கட்டை அவிழ்த்துவிட்டான். அது முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி, தண்ணீர்க் குடத்தின்மேல் ஏறி நின்று, இறக்கையைத் தட்டிக்கொண்டது.